பாத்துமாவும் ஃபாத்திமாவும்: மேடையில் அழைக்கப்படும் பெயரின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தங்கை மகளின் பட்டமளிப்பு விழாவுக்காகத் திருத்தணியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் புறப்பட்டோம். ஃபஜ்ர் தொழுகை முடித்த கையோடு முதல் மின்தொடர் வண்டியைப் பிடித்து, அரக்கோணம் வழியாகச் சென்னைப் பயணம். என் தாயாரும் உடன் வந்தார். முழங்கால் வலியால் மாதக்கணக்கில் வீட்டு வாசலைத் தாண்டாதவர், அன்று யார் தடுத்தும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்களில் முதல் பட்டதாரி அவள். அவளுக்கு இடப்பட்டதும் என் தாயாரைப் பெற்றவரின் பெயர். ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் ஒலிபெருக்கி வழியாகத் தம் தாயின் பெயர் ஒலிப்பதைக் கேட்க வேண்டும் என்பதே அந்த முதியவளின் ஆசை.

வரிசை வரிசையாக மாணவியர் மேடை ஏறினர். பெயர்களை வாசித்தவர் ஒரே வேகத்தில் படித்துக்கொண்டே போனார். எங்கள் பிள்ளையின் முறை வந்தபோது ஒரு கணம் தயங்கினார். பிறகு, 'அப்துல்... ரேமன்... ஃபேதிமா' என்றார். அவள் ஏறினாள், பட்டத்தைப் பெற்றாள், மறுபக்கப் படிகளில் இறங்கிவிட்டாள். சற்று நேரம் கழித்து என் தாயார் என் பக்கம் குனிந்து, 'நம்ம பாத்துமாவை எப்பப்பா கூப்பிடுவாங்க?' என்று கேட்டார். அவருக்குத் தூரப் பார்வை தெளிவில்லை. காதை நம்பியே வந்திருந்தார். 'கூப்பிட்டாச்சும்மா' என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

வாசித்தவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது ஆங்கில எழுத்துகளில் அச்சான ஒரு பட்டியல். அதில் உள்ளதைத்தான் படித்தார். அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன, எங்கே ஓர் ஒலி உதிர்ந்தது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளோடு வீடு திரும்பினேன். அவற்றுக்கு விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

தேடலை எங்கள் ஊரிலேயே தொடங்குவது பொருத்தம். திருத்தணி எல்லை ஊர். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் அளித்த தீர்வு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் வழியாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணைந்தது. தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் இது. தெலுங்கில் ஃபாத்திமாவின் முதல் ஒலிக்கெனத் தனி எழுத்து ஒன்று பயன்படுகிறது. உருது எழுத்தோ அரபு எழுத்தின் பிள்ளை. தமிழில் அவ்வொலி 'ப'வுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. ஒரே பெண்ணின் பெயர் இங்கே மூன்று எழுத்துகளில் மூன்று விதமாக வாழ்கிறது.

இம்மண் தந்த மிகப் புகழ்பெற்ற பெயரையே பாருங்கள். 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு கிராமம். தெலுங்கு மரபுப்படி அது வீட்டுப் பெயராகி முன்னே நிற்கிறது. நடுவில் இருப்பது வடமொழிப் பெயர். கடைசியில் தமிழின் 'ன்' ஒட்டியிருக்கிறது. வடக்கே போனால் இப்பெயர் 'ராதாகிருஷ்ணா' என்று முடியும். இங்கே பிறந்ததால் 'ன்' பெற்றது. ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் (1931–36) காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் (1939–48) துணைவேந்தராக இருந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக விளங்கியவர், பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவர். எத்தனையோ பட்டமளிப்பு மேடைகளைக் கண்டவரின் பெயரிலேயே இந்த எல்லை ஊரின் மூன்று அடுக்குகளும் பதிந்திருக்கின்றன. பிறந்த ஊரின் வாய்மொழி பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டது பற்றி யாரும் வருந்தியதில்லை. அது பிழை அல்ல, அடையாளம்.

நம் முன்னோர் பெயர்களும் இப்படித்தான் தமிழுக்குள் குடியேறின. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே 'முஹம்மத்' முகம்மது ஆனார், 'அஹ்மத்' அகமது ஆனார், 'ஸய்யித்' சையது ஆனார். பழந்தமிழ்ச் சொல் 'ர'வில் தொடங்காது. ஆகவே ராவுத்தர், இராவுத்தர் ஆனார். 'ல'வுக்கும் அதே விதி. லெப்பை, இலெப்பை ஆனார். 'ஹ' என்னும் ஒலி சொல்லின் முதலில் வந்தால் நழுவும். ஹஸன் அசன் ஆனதும், ஹுஸைன் உசேன் ஆனதும் அப்படித்தான். இலங்கையில் சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட, தமிழின் முதல் நாவல்கள் வரிசையில் வைக்கப்படும் நூலை 'அசன்பே சரித்திரம்' என்றே வழங்குகிறோம். கதைத் தலைவன் ஹஸன் பே, தமிழ்த் தலைப்பில் அசன்பே.

இதில் நாம் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. முகம்மது, அகமது, ரகுமான், சாகிபு ஆகிய பெயர்களில் 'ஹ' வர வேண்டிய இடத்தில் 'க' வந்திருப்பதைப் பார்த்து, முன்னோருக்கு உச்சரிப்புத் தெரியவில்லை என்று இளைஞர்கள் சிலர் நகைக்கிறார்கள். உண்மை வேறு. தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கு இடையே வரும் 'க' வன்மையாக ஒலிப்பதில்லை. 'அகம்', 'மகன்' என்று சொல்லிப் பாருங்கள், அது 'ஹ'வை நெருங்கி ஒலிக்கும். எழுதியவர்கள் தமிழின் ஒலி இயல்பை அறிந்தே அவ்வெழுத்தைத் தேர்ந்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ, தம் பெயரை 'அப்துல் ரகுமான்' என்றே அச்சிட்டார். தமிழ் வாசகர் அதைச் சரியாகவே படித்தனர். கோளாறு எப்போது வருகிறது என்றால், தமிழ் அறியாத ஒருவர் அதே 'க'வைத் தம் மொழியின் வன்மையான ஒலியாக எடுத்துக்கொள்ளும்போதுதான்.

பெயர் முழுதாகத் தமிழாகிவிட்டதற்குச் சிறந்த சான்று கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவருடைய இயற்பெயர் ஷைகு அப்துல் காதிர். புலவர் நாவில் அது சீதக்காதி ஆயிற்று. அவர் ஆதரவோடு தொடங்கப்பட்ட சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் நூற்றுக்கணக்கான அரபுப் பெயர்களை விருத்தப்பாவின் ஓசைக்குள் அமைத்தார். கதீஜா நாயகி அங்கே கதீசா ஆகிறார். நம் மூத்தோர் அந்நூலை ஓதக் கேட்டுக் கண்ணீர் உகுத்தார்கள். 'ஜ' போய் 'ச' வந்தது அவர்களுடைய அன்பில் எதையும் குறைத்துவிடவில்லை.

மூல ஒலியைக் காக்கவும் அவர்கள் வழி கண்டிருந்தார்கள். அதுவே அரபுத்தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையில், அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை உருவாக்கினர். அரபுப் பெயர்கள் தம் சொந்த எழுத்திலேயே நின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் இவ்வெழுத்தில் எழுதிய நூல்களை நம் பாட்டிமார் ஓதியிருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் கையொப்பமிட அறியாத பெண்கள்கூட அரபுத்தமிழில் கடிதம் வாசித்த வீடுகள் உண்டு. அந்த எழுத்து வழக்கொழிந்தபோது, பெயரின் மூல ஒலியைப் பூட்டி வைத்திருந்த பெட்டி ஒன்று கைநழுவிப் போயிற்று. தமிழ் எழுத்து சில ஒலிகளில் நமக்குக் கைகொடுக்கவும் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரபின் 'ளாத்' என்னும் அரிய ஒலிக்கு நாம் தமிழின் 'ள'வையும் 'ழ'வையும் கொடுத்து ரமளான் என்றும் ரமழான் என்றும் எழுதுகிறோம். வேறு பல மொழியினர் அதை 'ஸ'வாக ஆக்கிவிட்டனர்.

இடர் பெருகியது ஆங்கிலப் பதிவேடுகளில். தமிழின் 'ப' ஒன்றே பஷீரையும் பாத்திமாவையும் பாட்சாவையும் தாங்குகிறது. முதலாமவருக்கு அரபின் 'பா', இரண்டாமவருக்கு 'ஃபா', மூன்றாமவருக்குப் பாரசீகத்தின் 'பே'. வீட்டில் குழப்பமில்லை, ஏனெனில் பெயரை நாம் செவியால் அறிந்திருக்கிறோம். பள்ளியில் சேர்க்கும்போது தமிழ் எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்தச் செவியறிவு இல்லை. மேதகு அப்துல் கலாம் அவர்களின் தலைப்பெழுத்துகளை நினைவில் கொள்ளுங்கள். அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன். நடுவில் உள்ள 'பக்கீர்' அரபின் 'ஃபகீர்'. தமிழ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனதால், அது 'எஃப்' ஆகாமல் 'பி' ஆயிற்று. நாட்டின் முதல் குடிமகனுடைய தலைப்பெழுத்தில் தமிழ் நெடுங்கணக்கின் முத்திரை இருக்கிறது. ஜைனுலாப்தீனின் முதல் ஒலிக்கும் அதே கதை. அரபின் 'ஸே' தமிழில் 'ஜ'வாகி, ஆங்கிலத்தில் 'ஜே' ஆனது.

தங்கை மகளின் பெயருக்கு வருவோம். வட இந்தியர் இப்பெயரில் 'டி' மட்டும் இடுவர். நாமோ 'த'வைக் காட்ட 'டி'யோடு 'எச்' சேர்க்கிறோம். தமிழ்நாட்டு வழக்கில் அது முறையே. அந்த 'எச்' இல்லாவிட்டால் 'ட' என்று படித்துவிடுவார்கள் என்பது நம் அச்சம். ஆங்கில வாசிப்புக்குப் பழகிய கண்ணோ, அந்த மூன்று நான்கு எழுத்துகளைக் கண்டதும் நம்பிக்கை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை நினைத்து 'ஃபேத்' என்று தொடங்கிவிடுகிறது. இரண்டு பேரும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்தனர். நடுவில் பெயர் தொலைந்தது. ஊர்ப் பெயர்களுக்கே இந்தத் தொல்லை உண்டு. 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. அதில் வேலூரின் புதிய எழுத்துகளைப் பலர் 'வீலூர்' என்று படித்துத் திகைத்தனர். சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒலியை எழுத்தில் பிடிப்பது அரசுக்கே அத்தனை கடினம்.

அடுத்தது 'அப்துல்'. நம் வழக்கில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும். கடவுச்சீட்டுக்காகவும் சான்றிதழுக்காகவும் அதை விரித்து எழுதச் சொல்லும்போது, தந்தையின் முழுப்பெயர் மகளின் பெயருக்கு முன்னே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாசிப்பவர் முதலில் உள்ளதை அவளுடைய பெயராகவும் கடைசியில் உள்ளதைக் குடும்பப் பெயராகவும் கொள்கிறார். பெற்றோரின் பெயரால் அழைப்பது திருக்குர்ஆன் (33:5) கற்பிக்கும் நெறிக்கு இணக்கமானதே. ஸைத் (ரலி) அவர்கள் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் என்றே அழைக்கப்பட்டதை நாம் அறிவோம். ஆனால் அரபு மரபில் தன் பெயர் முதலில், தந்தை பெயர் பின்னால். நம்முடையது தலைகீழ் வரிசை. இதைத் தெரியாதவருக்கு யார் சொல்வது? மேலும் 'அப்துல்' என்பது தனிப்பெயரே அன்று. 'அடியான்' என்ற சொல்லும், அடுத்து வரும் சொல்லின் முன்னொட்டும் சேர்ந்த பாதி. 'இன்னாரின் அடியான்' என்பதில் இன்னாரை விட்டுவிட்டு அழைப்பது போன்றது அது. மறுபாதியை மட்டும் எடுத்து 'ரஹ்மான்' என்று அழைப்பதை ஆலிம்கள் அதைவிடக் கடுமையாகக் கண்டித்துள்ளனர், ஏனெனில் அது இறைவனுக்கே உரிய திருநாமம். இரண்டு பாதியும் சேர்ந்தால் அப்துர் ரஹ்மான். அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானவை என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய இரு பெயர்களுள் அதுவும் ஒன்று.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, நம் மார்க்க அறிஞர்கள் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்று தேடியபோது, நான் சற்றும் எதிர்பாராத ஒரு கருவூலம் கிடைத்தது. ஆரம்பகால அரபு எழுத்தில் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் பெரும்பாலும் இடப்படவில்லை. ஒரே வடிவம் பல எழுத்துகளைக் குறித்தது. குர்ஆன் வசனங்களை மனப்பாடம் காத்தது. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பெயர்களை எது காக்கும்? பெயர் மாறினால் ஆள் மாறிவிடும். ஆள் மாறினால் நம்பகமானவருடைய செய்தி நம்பத்தகாதவர் மீதும், அவருடையது இவர் மீதும் ஏறிவிடும். ஆகவே எழுத்தில் ஒன்றுபோலவும் ஒலிப்பில் வேறாகவும் உள்ள பெயர்களை ஆராயத் தனிக் கலையே தோன்றியது. 'அல்முஃதலிஃப் வல்முஃக்தலிஃப்' என்பது அதன் பெயர். தாரகுத்னீ (ஹிஜ்ரி 385இல் மறைவு) இதற்கென ஒரு நூல் செய்தார். எகிப்தின் அப்துல் ஙனீ அல்அஸ்தீ மற்றொன்று செய்தார். ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் இப்னு மாகூலா 'அல்இக்மால்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். ஹதீஸ் கலையை 65 வகைகளாகப் பகுத்த இப்னுஸ் ஸலாஹ் (ஹிஜ்ரி 643இல் மறைவு), இதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

அவர்கள் எதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். மதீனாவின் யூத அறிஞராக இருந்து இஸ்லாத்தை ஏற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி). இவருடைய தந்தையின் பெயரில் 'ல' ஒற்றை. எழுத்தில் இதே வடிவமுள்ள ஏனைய பெயர்களில் பெரும்பாலானவை 'ஸல்லாம்' என்று இரட்டித்து ஒலிக்கும். ஓர் அழுத்தம்தான் வேறுபாடு, அதற்காகப் பக்கங்கள் செலவிட்டார்கள். மற்றொன்று: குறைஷியரில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி), அன்ஸாரிகளில் உம்மு ஹராம் (ரலி). ஹிஸாமும் ஹராமும் அரபு எழுத்தில் ஒரே ஒரு புள்ளியால் வேறுபடுகின்றன. குறைஷிக் குலத்தில் வந்தால் முதலாவது, அன்ஸாரிகளில் வந்தால் இரண்டாவது என்று மாணவர்களுக்கு விதி வகுத்துக் கொடுத்தனர்.

பெயர்களில் நிகழும் பிழையே எழுத்துப் பிழைகளில் மிகக் கடுமையானது என்பது இமாம் புகாரீயின் ஆசிரியர் அலீ பின் அல்மதீனீயின் கருத்தாகச் சொல்லப்படுகிறது. அபூ இஸ்ஹாக் அந்நஜீரமீ என்னும் மொழியறிஞர் காரணத்தையும் விளக்கினார்: பெயரை இலக்கண ஒப்புமையால் ஊகிக்க இயலாது, முன்னே உள்ள சொல்லும் உதவாது, பின்னே உள்ள சொல்லும் உதவாது. இதைப் படித்தபோது, பட்டமளிப்பு மேடையில் பட்டியலோடு நின்ற அந்த மனிதர் என் கண்முன் வந்தார். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் அடுத்த சொல்லைக் கொண்டு சமாளிக்கலாம். பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் தனித்தீவு. அவருக்கு யாரேனும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொல்லும் முறையையும் அவ்வறிஞர்கள் வகுத்தார்கள். பெயரின் ஒலிப்பை உறுதிப்படுத்துவதை 'ளப்த்' என்பர். அதில் இரு வழிகள். ஒன்று, எழுத்தின்மேல் குறியிட்டுக் காட்டுவது. மற்றது, இவ்வெழுத்துக்கு இன்ன உயிர், இது இரட்டிப்பு, இதற்குப் புள்ளி இல்லை என்று சொற்களாலேயே விரித்து எழுதுவது. இமாம் தஹபீ (ஹிஜ்ரி 748இல் மறைவு) 'அல்முஷ்தபிஹ்' என்ற நூலைச் சுருக்கம் கருதிப் பெரும்பாலும் குறிகளைக் கொண்டே எழுதிவிட்டார். படியெடுத்தவர்கள் குறிகளை இடம் மாற்றினர், சிலவற்றை விட்டனர். பிழை திருத்த எழுந்த நூலிலேயே பிழை புகுந்தது. அடுத்த நூற்றாண்டில் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ஹிஜ்ரி 852இல் மறைவு) அதே நூலை மீண்டும் எடுத்து, ஒலிப்பைச் சொற்களால் விளக்கித் 'தப்ஸீருல் முன்தபிஹ்' என்று செப்பனிட்டார்.

ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2024 மே மாதம் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பட்டமளிப்பில், பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைந்து ஒலித்தன. பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே உள்ள 'தாமஸ்' என்னும் எளிய பெயர்கூட அடையாளம் தெரியாமல் போனது. பின்னர் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. வாசிப்பவரின் அட்டைகளில் ஒலிப்புக் குறிகள் அச்சிடப்பட்டிருந்த விதமே காரணம் என்று விளக்கியது. உதவிக்கு வந்த குறிகளே கண்ணை மறைத்துவிட்டன. இப்னு ஹஜர் கண்ட அதே நோய். குறியை நம்பாமல், கேட்பவருக்கு முன்பே பழக்கமான சொல்லைக் கொண்டு விளக்குவதே பலன் தரும். மன்னார்குடி அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாய்வழிப் பாட்டனாரின் பேத்தி கமலா ஹாரிஸ், தம் வாழ்க்கை நூலில் அமெரிக்கர்களுக்குத் தம் பெயரை அறிமுகப்படுத்தியது அப்படித்தான். நிறுத்தற்குறியான 'காமா'வைச் சொல்வது போலத் தொடங்குங்கள் என்றார். நம் ஊரில் சொல்லும் கமலாவுக்கும் அதற்கும் சிறிது வேறுபாடு உண்டு. இருந்தால் என்ன, அவர் பெயர் அவர் சொல்வதுதான்.

இங்கே ஒரு தடுமாற்றம் நமக்குள்ளேயே இருக்கிறது. எது சரியான உச்சரிப்பு? அரபு நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய சிலர், ஊரில் உள்ளோரின் பெயர்களையெல்லாம் மஃக்ரஜ் பிசகாமல் திருத்தப் புறப்படுகிறார்கள். குர்ஆனை ஓதும்போது அந்தக் கண்டிப்பு கடமை. எண்பது வயதுப் பெண்மணி 'பாத்துமா' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது அதைத் திருத்துவது கடமையா? நபி (ஸல்) அவர்கள் கெட்ட பொருளுடைய பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். கடினம் என்னும் பொருளுடைய 'ஹஸ்ன்' என்பவரை, எளிமை என்னும் பொருளுடைய 'ஸஹ்ல்' என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் தந்தை இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்றார். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்போடு சுருக்குவதும் அவர்கள் வழக்கத்தில் இருந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை 'ஆயிஷ்' என்று அழைத்திருக்கிறார்கள். தடுக்கப்பட்டது இழிவான பட்டப்பெயர் (49:11). ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியது இதுதான்: பெயரைச் சுமப்பவர் எப்படிச் சொல்கிறாரோ, அவரைப் பெற்றவர்கள் எப்படி அழைத்தார்களோ, அதுவே சபையில் ஒலிக்க வேண்டிய ஒலி. மேடையில் தங்கை மகளை 'ஃபாத்திமா' என்று அழைத்திருந்தாலும் என் தாயார் தெரிந்துகொண்டிருப்பார். 'பாத்துமா' என்றிருந்தால் எழுந்தே நின்றிருப்பார். 'ஃபேதிமா'வை மட்டும் அவரால் அறிய முடியவில்லை.

பட்டமளிப்புக்குச் செல்லும் நம் பிள்ளைகள் செய்யக்கூடியது பெரிதன்று. சான்றிதழுக்கான படிவத்தை நிரப்பும் நாளிலேயே பெயரின் வரிசையைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய எழுத்தைப் பிறகு மாற்றுவது அரசிதழ் வரைக்கும் போகும் வேலை. வீட்டில் குழந்தைக்குப் பிறப்புப் பதிவு செய்யும்போதே இரு மொழியிலும் பெயரை எழுதி உரக்கப் படித்துப் பார்ப்பது அதைவிட எளிது. விழாவுக்கு முந்தைய ஒத்திகையில் பெயரை வாசிக்கும் ஆசிரியரைத் தேடிச் சென்று ஸலாமோ வணக்கமோ கூறி, ஒருமுறை மெதுவாகச் சொல்லிக் காட்டலாம். எதை முதலில் அழைக்க வேண்டும், எங்கே நிறுத்தக் கூடாது என்று கேட்டுக்கொள்ளலாம். அவர் தம் கையாலேயே, தமக்குப் புரியும் எழுத்தில், பெயரின் மேல் குறித்துக்கொள்ளட்டும். நாம் எழுதிக் கொடுக்கும் எழுத்தைவிட அது நம்பகமானது. அவர் தெலுங்கராக இருந்தால் தெலுங்கில் எழுதிக்கொள்வார், 'ஃப' தானாகவே காப்பாற்றப்படும். அமெரிக்காவில் பிரவீன் ஷான்பாக் என்பவர், தம் சகோதரியின் பட்டமளிப்பில் பெயர் சிதைந்ததைக் கண்டு, மாணவர் தம் குரலிலேயே பெயரைப் பதிவு செய்து அனுப்பும் சேவை ஒன்றைத் தொடங்கினார். பல பல்கலைக்கழகங்கள் இன்று அதைப் பயன்படுத்துகின்றன. நம் கல்லூரிகளில் அது இல்லாவிட்டால் கைப்பேசியில் ஒரு குரல்பதிவு போதும்.

கூச்சம்தான் தடை. 'பெயரில் என்ன இருக்கிறது, போகட்டும்' என்று நம் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகிறார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள். கேட்டால் தலைக்கனம் என்று நினைப்பார்களோ என்ற அச்சம். ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டபோது ஒரு பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் எதிர்த்தரப்பின் ஸுஹைல் பின் அம்ர் பிடிவாதம் பிடித்தார். நபி (ஸல்) அவர்களோ விட்டுக்கொடுத்து 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்று எழுதச் சொன்னார்கள். சிறப்புப் பெயரை விட்டார்கள், தம் பெயரையும் தந்தையின் பெயரையும் தெளிவாக நிறுத்தினார்கள். பணிவும் தெளிவும் ஒன்றாக நடக்கும் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். ஸுஹைல் பின்னாளில் இஸ்லாத்தில் இணைந்து நபித்தோழரானார்.

சென்ற ஆண்டு தங்கையின் இளைய மகனுக்குப் பட்டமளிப்பு. அவன் பெயரும் ஸுஹைல் என்பது தற்செயலே. ஒத்திகையின்போது பெயர் வாசிக்கும் பேராசிரியையிடம் போய் நின்றிருக்கிறான். அவர் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டாராம். 'உங்க அக்காவும் வந்து சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்' என்று நான் அவனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். 'அவளுக்கு யாரும் சொல்லித் தரலையே மாமா' என்றான்.

விழா நாளில் என் தாயார் முன் வரிசைக்கு அருகில் இடம் பிடித்தார். அவன் பெயர் வந்தது. முதலில் அவன் பெயர், பிறகு நிறுத்தாமல் தந்தையின் பெயர், அப்துர் ரஹ்மான் என்று இரண்டு பாதியும் சேர்த்து. 'ஹ' சற்று வன்மையாகி 'க'வின் பக்கம் சாய்ந்துவிட்டது. என் தாயார் வீட்டில் அவனை அழைப்பதும் 'சுகைலு' என்றுதான். அவர் முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றார். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று முணுமுணுத்தார்கள். அவன் படியிறங்கி மறையும் வரை அவர் உட்காரவில்லை.